தாத்தாவின் யாஷிகா... ஆடித்தபசுக்கு ஒரு ரோல்! - ஹூடும் மூடியும் வாங்கும் முன்

இந்த வாரக் கேள்வி, மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியது.

'தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமரா பீரோவில் இருந்தது. பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது. லென்ஸ் மூடிதான் தொலைந்துவிட்டது. தாத்தாவால் இப்போது கூட்டத்தில் நடக்க முடியாது. அதனால், சங்கரன்கோவில் ஆடித்தபசை அவருடைய கேமராவிலேயே எடுத்துக் காட்ட ஆசை. கையில் இருப்பது ஒரே ஒரு ஃபிலிம் ரோல். மூடியும் ஹூடும் எதைப் பார்த்து வாங்குவது?'

மூடி, ஹூட் இரண்டுமே சின்னப் பொருள்கள்தான். ஆனால், இந்தக் கேமராவில் 36 படங்களும் தேறுமா, தேறாதா என்பதை அவையே முடிவு செய்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

பார்ப்பது ஒரு வழி, பதிவது ஒரு வழி

யாஷிகா எலெக்ட்ரோ 35, 1966-ல் வந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. இந்த வகையில் மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் காட்சியைப் பார்ப்போம். நடுவில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. படம் பதிவது கீழே உள்ள லென்ஸ் வழியாக. அதாவது, லென்ஸ் பார்ப்பதை நாம் பார்ப்பதே இல்லை!

இந்த வகைக் கேமராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் எடுத்தார். அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது லைகா ரேஞ்ச்ஃபைண்டர்தான். சின்ன உடம்பு, சத்தமும் குறைவு. கூட்டத்துக்குள் நின்று எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால், அதே அமைப்பில்தான் சிக்கலும் இருக்கிறது.

மூடி: காப்பாற்றும், கவிழ்க்கவும் செய்யும்

செல்போனில் கேமராவை விரலால் மறைத்தால் திரை இருட்டாகிவிடும். எஸ்.எல்.ஆர் கேமராவில் மூடியைக் கழற்ற மறந்தால் கண் வைத்ததுமே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் தெரியாது. மூடி லென்ஸ் மேலேயே இருக்கும். ஜன்னலில் சப்பரமும் கூட்டமும் பளிச்சென்று தெரியும். பட்டனை அழுத்தினால் 'க்ளிக்' சத்தமும் கேட்கும். ஃபிலிம் பாட்டுக்கு நகரும். ரோலைக் கழுவிப் பார்க்கும்போதுதான் ஒரு உருவமும் இல்லை என்பது தெரியவரும்.

எலெக்ட்ரோவில் வெளிச்சத்தை அளக்கும் கண்ணும் கேமரா உடம்பில்தான் இருக்கிறது, லென்ஸுக்குள் இல்லை. அதனால், மூடி இருப்பதை எச்சரிக்கை விளக்குகளும் காட்டிக்கொடுக்காது. இதே காலத்து கேனன் கேனோனெட்டில் அந்தக் கண் லென்ஸ் வளையத்துக்குள் இருக்கும். ஆட்டோவில் வைத்திருந்தால், மூடியோடு பட்டன் இறங்காது. ஆக, ஒரே வகைக் கேமராதான் என்றாலும் மாடலுக்கு மாடல் குணம் மாறும்.

எலெக்ட்ரோவுக்கு என் யோசனை இதுதான். படம் எடுக்கும் நாளில் மூடி வேண்டாம். அதற்குப் பதில் யு.வி. ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். நிறமில்லாத கண்ணாடி என்பதால் வெளிச்சக் கணக்கு மாறாது. அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றில் வரும் மண் தூசியை அது தாங்கிக்கொள்ளும். மூடியை வீட்டிலும் பையிலும் வைக்கும்போது மட்டும் போடுங்கள்.

மூடி வாங்கும்போது, நடுவில் இரண்டு விரலால் அழுத்தி மாட்டும் வகையாகக் கேளுங்கள். ஓரத்தில் அழுத்தும் வகை என்றால், ஹூட் மாட்டியபின் உள்ளே விரல் போகாது.

துணித் திரை கேமராவா? மூடி கட்டாயம்!

இதே பதிலை எல்லா ரேஞ்ச்ஃபைண்டருக்கும் சொல்ல முடியாது. ஃபிலிம் லைகா, சோவியத் தயாரிப்பான ஃபெட், ஸோர்க்கி போன்றவற்றில் ஃபிலிமுக்கு முன்னால் துணித் திரைதான் ஷட்டர். எஸ்.எல்.ஆரில் இருப்பதுபோல நடுவில் மறைக்க ஒரு கண்ணாடி கிடையாது. சின்ன வயதில் லென்ஸை வைத்துக் காகிதத்தை எரித்திருப்போமே, அதே கதைதான். லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தால், குவிந்த ஒளி திரையில் ஓட்டை போட்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும்.

நம் தென்காசிப் பக்க உச்சி வெயிலுக்கு அந்தக் கேமராக்களில் மூடி அவசியம். மூடி கையில் இல்லாத நேரத்தில் அப்பர்ச்சரை 16-க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கிட்டத் தூரத்துக்குத் திருப்பி, லென்ஸை உடம்புப் பக்கமாகத் தொங்கவிடுங்கள். எலெக்ட்ரோவின் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கும் உலோக இதழ்கள். துணி எரியும் பயம் அதில் இல்லை.

ஹூட்: குட்டையாக, ஜன்னலோடு

படத்துக்குள் வராத சூரியனும் படத்தைக் கெடுக்கும். பக்கவாட்டில் வரும் ஒளி முன் கண்ணாடியில் பட்டு, லென்ஸுக்குள் எகிறி, படம் முழுக்க வெளிறிய திரைபோலப் படியும். பழைய லென்ஸ்களின் பூச்சு இன்றைய லென்ஸ்களின் பூச்சு அளவுக்கு இதைத் தடுக்காது. ஆடித்தபசில் கோமதி அம்மனுக்கு சங்கரநாராயணர் காட்சி தருவது மாலை நேரத்தில். வெயில் சாய்ந்து பக்கத்திலிருந்து அடிக்கும் நேரம் அது. ஹூடுக்கு அங்கே வேலை உண்டு. சிலர் கையை வைத்து மறைப்பார்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் கை படத்துக்குள் விழுந்தாலும் நமக்குத் தெரியாது என்பதால் அது வேண்டாம்.

கடையில் உலோக ஹூடுகளை வைடு, ஸ்டாண்டர்டு, டெலி என்று பிரித்து விற்பார்கள். எலெக்ட்ரோவின் லென்ஸ் 45 மி.மீ. அதற்கு ஸ்டாண்டர்டு போதும். டெலி ஹூட் நீளமானது, படத்தின் நான்கு மூலைகளையும் இருட்டாக்கும். அதுவும் ஜன்னலில் தெரியாது!

இன்னொரு விஷயம், ஹூட் பெரிதாக இருந்தால் ஜன்னலின் வலது கீழ் மூலையை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு குழந்தை எட்டிப் பார்த்தாலும் உங்கள் கண்ணுக்குப் படாது. அதனால்தான் ரேஞ்ச்ஃபைண்டருக்கென்று செய்த ஹூடுகளில் பக்கவாட்டில் ஓட்டைகள் வெட்டியிருப்பார்கள். அழகுக்கல்ல, அதன் வழியாக மறைந்த மூலை ஓரளவு தெரிவதற்காக. விலை குறைவென்று ரப்பர் ஹூட் வாங்கலாம்தான். ஆனால், ரப்பர் நாளாக நாளாக வெடிக்கும். உலோகமே நல்லது.

45-ஆ, 55-ஆ?

பலரும் ஏமாறும் இடம் இது. லென்ஸ் வளையத்தில் '45' என்று பெரிதாக இருக்கும். அது லென்ஸின் குவியத் தூரம், மூடியின் அளவு அல்ல. எலெக்ட்ரோ 35-ன் முன்பக்க மரையின் அளவு 55 மி.மீ. ஃபில்டர், ஹூட், அழுத்தி மாட்டும் மூடி மூன்றையும் 55 என்றே கேளுங்கள். சுலபமாகக் கிடைக்கும் அளவுதான். கேமராவோடு வந்த பழைய மூடி, மரையில் மாட்டாமல் வெளியே செருகும் வகை. பழைய சாமான் கடையில் அதைத் தேடினால் 57 என்று கேட்க வேண்டும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு: கேனோனெட் கியூ.எல்.17 ஜி-3 என்றால் 48, ஃபெட், ஸோர்க்கியில் வரும் இண்டஸ்டார் 61, ஜூபிடர் 8 லென்ஸ்களுக்கு 40.5, பல லைகா லென்ஸ்களுக்கு 39. சந்தேகம் இருந்தால் மரையின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கேமராவையே எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

ஃபிலிம் போடும் முன் ஐந்து நிமிடம்

ஃபில்டரையும் ஹூடையும் மாட்டுங்கள். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை 16-ல் வைத்து, வேகத்தை 'பி'-யில் வைத்துப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஷட்டர் திறந்தே இருக்கும். இப்போது ஃபிலிம் உட்காரும் சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் லென்ஸ் வழியாக வெளியே வானத்தைப் பாருங்கள். வெளிச்சப் பொட்டு முழுதாகத் தெரிந்தால் ஹூட் சரி. ஹூடின் விளிம்பு அதை வெட்டினால், அந்த மூலை படத்தில் கறுத்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வெட்டினால் ஹூடை மாற்றுங்கள்.

திருவிழா அன்று இருட்டி, சீரியல் விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அதன் தட்டைக் கண்ணாடியில் விளக்குகளின் பிம்பம் எதிரொலித்து, படத்தில் இல்லாத விளக்குகளும் முளைக்கும். ஹூட் அப்படியே இருக்கட்டும். கூட்டத்தில் யாராவது முழங்கையால் இடித்தால், லென்ஸுக்கு முன் அடி வாங்குவது அதுதான்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸ் முனையை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போதும். மூடி இருந்தால் கண் சொல்லாவிட்டாலும் விரல் சொல்லிவிடும்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கேமரா தூங்குகிறதா? லென்ஸைச் சுற்றி என்னென்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். அதற்கு எது பொருந்தும் என்று அடுத்தடுத்த வாரங்களில் பேசுவோம்.