அம்மாவிடம்கூட சொல்ல முடியாத வலி

என் வயது 36. பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதல் பிரசவத்தில் தையல் போட்டார்கள். புண் ஆறிய பிறகும், கணவருடன் சேரும்போதெல்லாம் உயிர் போகிற வலி. ஏதாவது சாக்குச் சொல்லி, குழந்தை பக்கத்திலேயே படுத்துக் கொள்வேன். "என்னைப் பிடிக்கலையா?" என்று அவர் கேட்டபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னதற்கு, "போகப் போகச் சரியாயிடும்டி" என்று முடித்துவிட்டார். நான்கு வருஷம் ஓடியது.

கடைசியில் ஒரு லேடி டாக்டர் சோதித்துவிட்டு, புண்ணோ கட்டியோ இல்லை என்றார். சிறுநீரை அடக்க இறுக்குகிறோமே, அந்தத் தசைகள் வலிக்குப் பயந்து தானாகவே இறுகிக் கொள்கிறதாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். முழங்கால் வலிக்குப் போகிற இடமாச்சே என்று நினைத்தேன்!

அங்கேயும் பெண்தான். ஒவ்வொன்றுக்கும் என் சம்மதம் கேட்டு, கையுறை போட்ட விரலால் இறுகிய தசையையும், தையல் தழும்பையும் மெல்ல அழுத்தித் தளர்த்தினார். வயிறு நிறைய மூச்சிழுத்து விடப் பழக்கினார். யாரோ சொன்னார்களென்று நான் செய்து வந்த, தசையை இறுக்கும் பயிற்சியை உடனே நிறுத்தச் சொன்னார். இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்கலாமா? மூன்று மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்தது.

எனக்குள்ள ஆதங்கம் இதுதான். டிஸ்சார்ஜ் செய்யும்போது தடுப்பூசி, சாப்பாடு என்று அத்தனையும் சொல்கிறவர்கள், இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மகளுக்குப் பத்தியம் சமைக்கும் அம்மாக்களும்தான் கேளுங்களேன், "அங்கே வலி இருக்கா?" என்று.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.