மட்டராஸி வந்தார், மார்சாலா வரவில்லை

2015 டிசம்பரில் தென்சென்னைப் புறநகரின் வெள்ளம் ஒக்கியம் மடுவில் விழுந்து, பக்கிங்காம் கால்வாயோடு இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தேடிக்கொண்டிருந்தது. அதே நாட்களில் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு அரையிறுதி ஆடச் சொந்த ஊரில் இடமில்லை. உள்ளூரில் நடக்கவேண்டிய ஆட்டம் புனேவுக்குப் போனது. டிசம்பர் 12 அன்று அங்கே அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கு கைகொடுத்தது. டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம்.

87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. அரங்கம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டே பந்து சொந்த வலைக்குள் போனது. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். எதிரணியின் பயிற்சியாளர் பிரேசிலின் ஜீகோ. சென்னைப் பக்கத்துக் கோட்டோரம் நின்றவர் உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு நெட்டை மனிதர், மார்கோ மட்டராஸி.

அவரை உலகம் ஒரே ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி. கூடுதல் நேரத்தில், 110ஆவது நிமிடத்தில், பிரான்ஸின் ஜினடின் ஜிடேன் திரும்பி வந்து அவர் மார்பில் தலையால் முட்டினார். ஜிடேனுக்குச் சிவப்பு அட்டை. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அடெல் அப்தெஸ்ஸெமெட் என்ற சிற்பி அந்தக் காட்சியைப் பெரிய வெண்கலச் சிலையாகவே வடித்துவிட்டார். சட்டையை இழுத்ததற்கு, 'ஆட்டம் முடிந்ததும் தருகிறேன்' என்று ஜிடேன் சொன்னாராம். அதற்குத் தான் ஜிடேனின் சகோதரியை இழுத்துப் பேசியதாக மட்டராஸியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இனவெறிச் சொல் சொன்னதாக எழுதிய பிரிட்டன் பத்திரிகைகள் மட்டும் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவந்தது.

அந்த ஒரு முட்டலில் அன்றைய ஆட்டமே மறைந்துபோனது. ஏழாவது நிமிடத்தில் பிரான்ஸுக்குக் கிடைத்த பெனால்டி, மட்டராஸி செய்ததாக நடுவர் சொன்ன ஃபவுலால் வந்தது. பத்து நிமிடம் சொச்சம் கழித்து பிர்லோவின் கார்னரைத் தலையால் தட்டிச் சமன் செய்தவரும் அவரே. பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலியின் இரண்டாவது உதை அவருடையது. அதையும் வலைக்குள் சேர்த்தார். அந்த உலகக் கோப்பையில் இத்தாலிக்காக இரண்டு கோல் அடித்தவர்கள் இருவரே. ஒருவர் லூகா டோனி, முன்கள வீரர். மற்றவர் இந்தத் தடுப்பாட்டக்காரர். அதுவும் ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். செக் குடியரசுடனான ஆட்டத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா காயப்பட்டு வெளியேறியதால் உள்ளே வந்தவர்.

தமிழ்நாட்டுக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்திருந்தால், அது பெர்லினுக்கு முந்தைய வருடங்களில் இருந்தது. அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

1973இல் லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜுசெப்பே, இத்தாலியின் முதல்நிலை அணிகளுக்கே பயிற்சியாளராக இருந்தவர். அப்படியும் மகனுக்குப் பெரிய வாசல் எதுவும் தானாகத் திறக்கவில்லை. இருபது வயதில் அவர் ஆடியது சிசிலித் தீவின் மார்சாலா என்ற சிறு ஊர் அணிக்கு. அடுத்து அதே தீவின் டிராபானி. பிறகு பெருஜியா, அங்கிருந்து கார்ப்பிக்கு இரவல், மறுபடி பெருஜியா. இடையில் ஒரு வருடம் இங்கிலாந்தின் எவர்டன், அங்கே சம்பாதித்ததில் பெரும்பகுதி சிவப்பு அட்டைகள். இத்தாலிச் சட்டையை முதன்முதலில் அணிந்தபோது வயது 27. நம் ஊர்க் கணக்கில் அது வேலை தேடி, விளையாட்டை மூட்டை கட்டிவைத்துச் சில வருடம் ஆகியிருக்கும் வயது.

2000-01 பருவத்தில் பெருஜியாவுக்காக, பெனால்டிகளும் சேர்த்து, 12 கோல் அடித்தார். சீரி ஆவில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரே பருவத்தில் அடித்த அதிகபட்சம் அதுவரை டேனியல் பாசரெல்லாவின் 11. இன்டர் மிலான் அவரைக் கொத்திக்கொண்டு போனது. பத்து வருடம் அங்கே. 2004இல் சியெனா வீரர் ஒருவரைக் குத்தி இரண்டு மாதத் தடை வாங்கியதும் அங்கேதான். 2010இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற அணியில் இருந்ததும் அங்கேதான். மனிதரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

2014இல் சென்னையின் எஃப்.சி. உருவானபோது 41 வயதில் பயிற்சியாளராகவும் வீரராகவும் வந்து இறங்கினார். அந்த வருடத்து ஐ.எஸ்.எல்., பெர்லின் இறுதியின் பழைய மாணவர் சந்திப்பு போலத்தான் இருந்தது. 2006 பிரான்ஸ் அணியின் மிக்கேல் சில்வெஸ்ட்ர் சென்னைக்கு ஆடினார். ஷூட் அவுட்டில் பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்த டேவிட் ட்ரெஸெகே புனேயில். இத்தாலியின் டெல் பியெரோ டெல்லியில். பருவத்தின் பின்பகுதியில் தடுப்பாட்டம் ஆட்டம் கண்டபோது, ஓய்வு பெற்றிருந்த நெஸ்டாவையே பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்துக்கு வரவழைத்தார் மட்டராஸி. லீக் சுற்றில் முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று அடிவாங்கி, சென்னையில் 3-1 என்று வென்றும் கேரளாவிடம் ஒரு கோலில் தோல்வி.

அடுத்த வருடம் கோப்பை. பட்டியலின் அடிமட்டத்துக்கு ஒருமுறை போய், கடைசிக் கட்டத்தில் வரிசையாக வென்று மேலே வந்த அணி அது. மெண்டோசா 13 கோல். இந்திய வீரர்களில் கண்ணில் நின்றவர்கள் மிசோரத்தின் ஜெஜே, மணிப்பூரின் தோய் சிங், பஞ்சாபின் ஹர்மன்ஜோத் கப்ரா. தமிழ்நாட்டுப் பையன்கள் அந்தப் படத்தின் ஓரத்தில்தான் இருந்தார்கள். 2016இல் அணி ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. 2017 தொடக்கத்தில் மட்டராஸி விடைபெற்றார். ஜான் கிரிகரியின் கீழ் 2018இல் இரண்டாவது கோப்பை வந்தபோது, வியாசர்பாடியின் தனபால் கணேஷ் நடுக்களத்தின் முக்கிய ஆளாகியிருந்தார். நல்ல செய்தி. ஆனால் கணேஷை வளர்த்தது வியாசர்பாடி. அங்கே தெருவுக்குத் தெரு பந்து இருந்தது, பார்க்க ஆள் இருந்தது.

இன்னொரு பெயரும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர் ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி எஃப்.சி.க்கு வந்து, அங்கிருந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். அவருடைய மார்சாலா அந்த சென்னை சிட்டி. கோவையைக் களமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தையே வென்ற அந்த அணி, ஓரிரு வருடங்களில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது. படி ஒன்று இருந்தது, அதுவும் உடைந்தது. மேல்தளமும் உறுதியாக இல்லை: 2025இல் உரிம ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல்.லே நிறுத்திவைக்கப்பட்டு, அணிகள் சம்பளத்துக்குக் கையைப் பிசைந்தன.

வெளியூர்ப் பயிற்சியாளர் என்ன செய்யலாம் என்பதற்கு நம் ஆளே சாட்சி. தஞ்சாவூரின் சைமன் சுந்தர்ராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்கில், இத்தாலியின் லாக்விலா நகரில், பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான். அவர் பயிற்சியில்தான் 1973இல் கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை வென்றது. தமிழ்நாடு அந்தக் கோப்பையை இன்னும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கேரளத்தில் அவர் கைக்கு ஊர் ஊராக ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள். மட்டராஸிக்குக் கொடுக்கப்பட்டது ஒரு அணி, சில மாதப் பருவம், ஓர் ஏலப் பட்டியல். அதை வைத்துக் கோப்பை வாங்கலாம். வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். முட்டுக்காட்டில் கலைஞர் பன்னாட்டு அரங்கம் என்ற மாநாட்டு அரங்கத்துக்கு அரசு ஒதுக்கியிருப்பது ரூ.525 கோடி. மாமல்லபுரத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்.சி. மெட்ராஸ், விடுதியோடு கூடிய பயிற்சிக்கூடமாக 2022 முதல் இயங்குகிறது. புல்தரை, பயிற்சியாளர், சாப்பாடு என்று எல்லாம் உண்டு. தேர்வில் தேறும் பிள்ளைகளுக்கு. நடுவே, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப்கள், ஐ.டி. ஊழியர்களின் வார இறுதிக்கு. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி என்று நீளும் குப்பங்களின் பையன்களுக்கு மணல் இருக்கிறது. மணலில் ஓடிப் பழகிய கால் நல்ல கால்தான். ஆனால் அந்தப் பையன் எத்தனை கோல் போட்டான், யாரை எதிர்த்துப் போட்டான் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் செவன்ஸ் போட்டி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். தோற்றவன் அடுத்த வருடம்தான் வரவேண்டும்.

பயிற்சிக்கூடங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு வயதில் தேறியவனை அவை பார்த்துக்கொள்ளும். பத்தொன்பதில் திடீரென்று நெட்டையாக வளர்ந்து, இருபத்திரண்டில் ஆட்டம் புரிந்து, இருபத்தேழில் நாட்டுக்கு ஆடுகிறவனைப் பார்த்துக்கொள்ள எந்தப் பயிற்சிக்கூடத்தாலும் முடியாது. அதற்கு வாராவாரம் ஆடும் கீழ்ப்பிரிவு லீக் வேண்டும்.

திருப்போரூரிலிருந்து கல்பாக்கம் வரை, ஊருக்கு ஓர் அணி என்று வைத்துக்கொண்டால் ஒரு பிரிவுக்குத் தேவையான அணிகள் தாராளமாகத் தேறும். கோல் கம்பம், கோடு போடச் சுண்ணாம்பு, பயிற்சி பெற்ற நடுவர், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ், போக்குவரத்துக்கு வேன். மாநாட்டு அரங்கத்தின் கணக்கில் இது சில்லறை. மாவட்டக் கால்பந்துச் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உட்கார்ந்து பேசினால் அடுத்த பருவத்துக்கே நடத்தலாம். விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. அட்டவணையை அதற்கேற்ப, வெயில் தாழ்ந்த பிறகு ஆடும்படி போடவேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தின் குறிப்பும் வீரர் பதிவு எண்ணோடு எழுதப்பட வேண்டும். மாமல்லபுரத்துப் பயிற்சியாளர்களும் பெரியமேட்டு அணியின் தேர்வாளர்களும் சனிக்கிழமை மாலை வந்து பார்க்க, நெம்மேலிக்கும் பட்டிபுலத்துக்கும் நடுவே ஓர் ஆட்டமாவது இருக்கவேண்டும்.