மீட்டர் சொன்னால் சரியா?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டர் காட்டும் எண் கணக்கோடு ஒத்துவராவிட்டால் என்ன செய்கிறீர்கள்? விடை தெரியும் என்பதால் பலரும் எண்ணைக் கொஞ்சம் ‘சரிப்படுத்தி’ எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், ஓர் அருமையான தொழிலுக்குத் தேவையான முதல் குணம் அங்கேயே தொலைந்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஒரு சோதனை செய்யுங்கள். சில வெள்ளிதான் செலவாகும். 10 மெகா ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 9 வோல்ட் மின்கலத்தில் பொருத்துங்கள். கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். ஆனால், சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 3 வோல்ட்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை, ஓமின் விதியும் பொய்யில்லை. இத்தகைய மீட்டர்களுக்குள் பெரும்பாலும் 10 மெகா ஓம் தடை இருக்கிறது. அது உங்கள் மின்தடையோடு பக்க இணைப்பில் சேர்ந்து, அந்தப் பகுதியின் தடையை 5 மெகா ஓமாகக் குறைத்துவிடுகிறது. அளக்கப் போனதே அளவை மாற்றிவிட்டது!

அளவீட்டுக் கருவிகளை வடிவமைக்கும் மின்னணுப் பொறியாளர் தினமும் மல்லுக்கட்டுவது இதனோடுதான். உள்தடையைக் கூட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். கூட்டினால், சுற்றியுள்ள மின் இரைச்சல் எளிதில் நுழையும். நம் ஊர் ஈரப்பதத்தில் சர்க்கிட் பலகையின் மேற்பரப்பிலேயே மின்னோட்டம் கசியும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்கும்.

சில சமயம் குறையே மருந்தாகும். மின்னிழை விளக்கு ஓமின் விதிக்கு உட்படாது என்று தேர்வுக்காக மனனம் செய்கிறோம் அல்லவா? பில் ஹியூலட் அதையே பயன்படுத்தினார். அவருடைய அலையியற்றியில் அலை பெரிதானால் சிறு விளக்கின் இழை சூடாகும், தடை உயரும், பெருக்கம் குறைந்து அலை பழைய அளவுக்குத் திரும்பும். 1939இல் அவரும் டேவிட் பேக்கர்டும் தொடங்கிய நிறுவனத்தின் முதல் தயாரிப்பு அதுதான். வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஃபேன்டேசியா’ படத்துக்காக அந்த வகையில் எட்டுக் கருவிகளை வாங்கியது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹியூலட்-பேக்கர்ட் 1972இல் பினாங்குக்கு வந்தது. அதன் அளவீட்டுக் கருவிப் பிரிவின் வழிவந்த கீசைட் நிறுவனம் இன்றும் பாயான் லெப்பாஸில் இயங்குகிறது. அங்கே கருவிகளைப் பொருத்தும் வேலை மட்டுமல்ல, வடிவமைக்கும் வேலையும் நடக்கிறது.

“கணினித் துறைக்குப் போ” என்று வீட்டில் சொல்வார்கள். தப்பில்லை, இந்தக் கருவிகளுக்குள்ளும் மென்பொருள் உண்டு. ஆனால், இது பொறுமை கேட்கும் வேலை. ஒரே சர்க்கிட்டோடு மாதக்கணக்கில் போராட நேரும். வெளியில் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிட்டால் இந்தப் பக்கம் வருவது கடினம். ஓர் எண் ஏன் தவறாக வந்தது என்று யோசித்துத் தூக்கத்தைத் தொலைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் தாராளமாக வாருங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: அதே சோதனையில் 10 கிலோ ஓம் மின்தடைகளைப் போட்டால் மீட்டர் என்ன காட்டும்? முதலில் கணக்கிடுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.