மலை பங்களாவில் ஒரு குளிர் இரவு

வெளியூர்ப் பயணம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்தான். போகிற இடத்துக்கும் ஸ்டவ், குக்கர், இட்லிப்பொடி டப்பா என்று மூட்டை கட்டிக்கொண்டு போய், அங்கேயும் சமையற்காரியாக இருந்துவிட்டுத் திரும்புவதுதான் இத்தனை வருஷ வழக்கம். அதனால் போன டிசம்பரில் இவர், "கோத்தகிரியில ஒரு பழைய பங்களா. தேயிலைத் தோட்டத் துரை குடியிருந்த வீடாம். இப்போ குடும்பத்தோட வந்து தங்கறவங்களுக்கு விடறாங்க. சாப்பாடும் அவங்களே போடுவாங்க" என்றதும், கடைசி மூன்று வார்த்தைகளுக்காகவே சரி என்று தலையாட்டிவிட்டேன்.

திருச்சியிலிருந்து வேன் பிடித்தோம். மாமியாருக்கு 71 வயது. நாத்தனாரும் அவளுடைய ஒன்றரை வயசுக் குழந்தையும், என் பையன், பெண், நாங்கள் இருவர். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி வடை, காபி. அதற்கு மேல் 33 கிலோமீட்டர் மலைப் பாதை. வளைவுக்கு வளைவு என் பெண் முகம் வெளுத்தது. குழந்தையோ சுகமாகத் தூங்கிவிட்டது.

பங்களாவைப் பார்த்ததும் வந்த அலுப்பெல்லாம் போய்விட்டது. ஓட்டுக் கூரை, கண்ணாடி ஜன்னல், மூன்று பக்கமும் அகலமான வராந்தா, முன்னால் புல்வெளி. மதிற்சுவருக்கு அப்பால் தேயிலைச் சரிவு. பிள்ளைகள் ஓடி விளையாட வண்டி வாசலே இல்லாத இடம். மாடிப்படிக்குச் சின்ன மரக் கதவு போட்டிருந்தார்கள், தவழும் குழந்தைகள் ஏறாமலிருக்க. கேட்பதற்கு முன்பே குழந்தைக்கு உயரமான நாற்காலி வந்தது. சமையலறை அம்மா வந்து, "பாப்பாவுக்கு எப்போ என்ன வேணும்னு சொல்லிடுங்கக்கா, குழைச்சுத் தர்றேன்" என்றாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

அந்த அம்மாவிடம் ஒன்று தெரிந்துகொண்டேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். முதல் நாளே ஊறப்போட்டு, குக்கரில் நம் ஊரைவிட இரண்டு விசில் கூட விடவேண்டுமாம். மலையில் சொந்தச் சமையல் செய்யப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று ஞாபகம் வைத்துக்கொள்ள அவசியமில்லாமல், காலை நீட்டி உட்கார்ந்து சாம்பாரில் போட்ட அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாக ரசித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தூறல் ஆரம்பித்தது. இருட்டியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. எங்கள் அறையில் அழகான கணப்பு அடுப்பு ஒன்று சுவரோடு இருந்தது. ஆனால் புகைபோக்கி அடைபட்டிருக்கிறதென்று அதைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். மாமியார் இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிறது என்றார்கள். பங்களாவைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. ஒரு இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்புக் கொண்டுவந்து கட்டிலருகில் வைத்தார். "கரி நல்லா கனிஞ்சிருக்கும்மா. துளிக்கூடப் புகை வராது, பயப்படாதீங்க" என்றார். பெற்ற தாய்க்குச் செய்வதுபோல் செய்தார் மனுஷர். இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

குறை சொல்லவேண்டுமானால் என்னைத்தான் சொல்லவேண்டும். அனல் வீணாகப் போகக்கூடாதென்று எல்லா ஜன்னலையும் கொக்கி போட்டேன். கதவிடுக்கில் ஜில்லென்று காற்று வந்ததால் துண்டைச் சுருட்டி அங்கேயும் அடைத்தேன். அந்த அறையில் மாமியார், நாத்தனார், குழந்தை, என் பெண், நான். அடுத்த அறையில் இவரும் பையனும். சட்டியின் செந்நிற வெளிச்சத்தில் அறையே இதமாக இருந்தது. எப்போது தூங்கினோம் என்றே தெரியாது.

பன்னிரண்டு மணி இருக்கும். என் பெண் எழுந்து வாந்தி எடுத்தாள். மலைப் பாதையும் மேட்டுப்பாளையம் வடையும்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் நெற்றிப் பொட்டில் சம்மட்டியால் அடிப்பதுபோல் தலைவலி. குழந்தை அழவில்லை, முனகியது. "அண்ணி, எனக்கும் தலை சுத்துது" என்றாள் நாத்தனார். ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே கோளாறு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

வாந்தி எடுத்த வாளியைக் கழுவ வராந்தாவுக்கு வந்தேன். குளிர் காற்று முகத்தில் அடித்தது. நாலு மூச்சு இழுத்ததும் தலை கொஞ்சம் தெளிந்தமாதிரி இருந்தது. திரும்ப உள்ளே போனால் மறுபடி கிறுகிறுப்பு. அந்த வாசற்படியில் நின்றபோதுதான், மலை ஊரில் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று எப்போதோ பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது. வயிற்றில் என்னவோ புரண்டது.

குழந்தையை வாரிக்கொண்டு போய் வராந்தாவில் நாத்தனார் மடியில் போட்டேன். ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். நான் போட்ட சத்தத்தில் இவர் ஓடிவந்தார். மாமியாரை எழுப்பினால் "ஊம், ஊம்" என்றார்களே தவிரக் கண் திறக்கவில்லை. இவரும் பையனுமாகத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பெரியவர் சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் புல்லில் கொட்டினார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் கருவி மாமியாருடைய மருந்துப் பையிலேயே இருந்தது. மாட்டிப் பார்த்தால் 97 காட்டியது. "தொண்ணூத்தேழு இருக்கு, ஒண்ணுமில்லே. அம்மா அசதியில தூங்கறாங்க" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இவர் பேச்சை நான் நேராக மறுத்தது குறைவு. அன்று, "அந்த மெஷின் என்ன வேணா சொல்லட்டும். வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். டிரைவரை எழுப்பி அந்த மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். நடந்ததைக் கேட்டதுமே மாமியாருக்கும் குழந்தைக்கும் முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டச் சொன்னார். பிறகு எங்களுக்கும். அந்தக் கருவி 97 காட்டியதைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ளவேண்டும்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. நெருப்பு கனிந்து புகை நின்ற பிறகும் வந்துகொண்டே இருக்கும். நாம் புகை இல்லையே என்று ஏமாறுவது அதனால்தான். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பிராணவாயுவுக்கு இடம் கிடையாது. விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான், "உங்க வீட்டுக்காரர் அந்த நம்பரை நம்பியிருந்தா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்மா" என்றார் டாக்டர். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இல்லாமல் தலைவலி, வாந்தி, மயக்கம். அதுவும் ஒரே அறையில் பல பேருக்கு. வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை. இப்படி இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டுமாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்குச் சீக்கிரம் தாக்கும். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சாப் போதுமா டாக்டர்?" என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம். கரி நெருப்பை அறைக்குள்ள கொண்டே போகாதீங்க" என்றார். வீட்டில் காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கெய்ஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்றார். என் தங்கை வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. விடிந்ததும் முதல் போன் அவளுக்குத்தான்.

மாமியார் விடியற்காலை நாலு மணிக்குக் கண் திறந்து, "ஏம்மா, என் மூக்குக் கண்ணாடி எங்கே?" என்று கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன். எல்லாரையும் மதியம் வரை வைத்திருந்து, ரத்தம் பார்த்து, பிறகு அனுப்பினார்கள்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார் இவர். மாமியார் கேட்கவில்லை. "மூணு நாளைக்குப் பணம் கட்டியாச்சு. பிள்ளைங்க இன்னும் ஒண்ணும் பார்க்கலையே" என்றார்கள். அவ்வளவு நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்குப் பணக்கணக்கு மட்டும் மறக்கவில்லை! சரியென்று தங்கினோம். பிள்ளைகள் கன்னேரிமுக்கில் 1819-ல் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவைப் பார்த்தார்கள். கோடநாடு காட்சிமுனையில் மேகம் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் சந்தோஷமாகக் குதித்தார்கள்.

பங்களாக்காரர்கள் மறுநாளே எல்லா அறைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பைகள் வாங்கிவிட்டார்கள். படுக்கப்போவதற்கு அரைமணி முன்னால் கம்பளிக்குள் அதை வைத்து, படுக்கை சூடானதும் குழந்தை பக்கத்திலிருந்து எடுத்துவிடுவோம். காலுக்குக் கம்பளி உறை, தலைக்குக் குல்லாய், ராத்திரி மிளகு போட்ட சூடான பால். இவ்வளவுதான், மாமியாருக்குப் பல் கிட்டவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார். புல்வெளி நடுவில், வீட்டைவிட்டுத் தள்ளி, நெருப்பு மூட்டட்டுமா என்று என்னிடம் கேட்டார். மூட்டச் சொன்னேன். எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம். அவர் தணலில் சக்கரவள்ளிக் கிழங்கு புதைத்துச் சுட்டுத் தந்தார். மாமியார் தோலை உரித்து ஊதி ஊதித் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்காப்பா?" என்று கை நீட்டினார்கள்.