அபேட்சகரும் இரும்பு வரியும்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ஆம் நாள், அமெரிக்காவின் தலைவராயிருந்து மீண்டும் அப்பதவிக்கு அபேட்சகராய் நின்ற ஜோ பைடன், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையிடத்துக்குச் சென்று, சீன உருக்கின்மேல் விதித்திருந்த ஒரு தீர்வையை மும்மடங்காக உயர்த்தவேண்டும் என்று பேசினார். அவருக்கு எதிர்நின்ற டொனால்டு டிரம்ப்போ, 2018-லேயே அயல்நாட்டு உருக்கின்மேல் நூற்றுக்கு 25 வீதம் தீர்வை விதித்தவர். அந்நகரத்துப் பழைய உருக்கு நிறுவனத்தை ஜப்பானியர்க்கு விற்றலை இருவருமே எதிர்த்தனர். அவர்கள் கூறியவை நல்லனவா தீயனவா என்பது வேறு வழக்கு. உருக்கைப் பற்றி வாய்திறவாமல் அந்நாட்டில் வாக்குக் கேட்க இயலாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

அதற்கு இரண்டு நாட் கழித்து, 19-ஆம் நாள், நம் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. அத்தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. அங்கும் உலைகள் எரிகின்றன. அங்கும் இரும்பே பலர்க்குச் சோறு. அன்று வாக்களிக்கும் வயது எமக்கு இல்லை. கூட்டங்களிற் பேசுவாரைக் கேட்கும் வயது இருந்தது. எம் செவிக்கு எட்டிய அளவில் குடிநீரும் சாலையும் ரயில்வண்டியும் பேசப்பட்டன. அவை வேண்டுவனவே. ஆயினும் 'இறக்குமதித் தீர்வை' என்னுஞ் சொல்லை யாம் ஒருமுறையேனும் கேட்டிலேம்.

இவ்வமைதி ஏன் தீங்காகும் என்பதை அறியக் கும்மிடிப்பூண்டியின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை அடுத்துள்ளது அவ்வூர். ஆங்குள்ள உருக்காலைகளிற் பெரும்பாலானவை மண்ணினின்று இரும்பு பிரிக்கும் பேருலைகள் அல்ல. நகரத்தார் 'காயலான்கடைச் சரக்கு' என்று இகழும் பழைய இரும்பையும், ஸ்பாஞ்சு இரும்பையும் மின்சார உலையிலிட்டு உருக்கிப் பாளமாக வார்க்கின்றனர். அப்பாளத்தைச் சூடு ஆறாமுன் உருளைகளினிடையே செலுத்தி நீட்டி, வீடு கட்டும் முறுக்குக் கம்பியாக்குகின்றனர். நாட்டுக்குள் கிடைக்கும் பழைய இரும்பு போதாமையால் அயல்நாட்டிலிருந்தும் கப்பலில் அது வருகின்றது. சென்னைத் துறைமுகமும் இம்மாவட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எட்டுந் தொலைவிலேயே உள்ளன.

ஆகவே இவ்வூர் உருக்காலையார்க்குத் தீர்வை என்பது ஒருமுகமான பொருளன்று. வாங்கும் பழைய இரும்புக்கு வரி இல்லாதிருத்தல் வேண்டும். விற்கும் கம்பிக்கு அயலார் போட்டி மிகாதிருத்தல் வேண்டும். 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய அரசினர் பழைய இரும்பின்மேலிருந்த சுங்கத்தை நீக்கினர்; 2024 ஜூலையிலும் அவ்விலக்கைத் தொடர்ந்தனர். அவ்விலக்கு என்றும் உள்ளதன்று. தவணை குறித்துத் தருவது. தவணைதோறும் நீட்டினாலன்றி நில்லாதது. இதனை நீட்டுக என்று கேட்கவேண்டியவர் யார்? இத்தொகுதியின் உறுப்பினரே அல்லரோ!

இனி, 2025 ஏப்ரல் 21 முதல் அயல்நாட்டு உருக்கின்மேல் நூற்றுக்கு 12 வீதம் காப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. 200 நாட்களுக்கென விதித்த அதனை அவ்வாண்டின் இறுதியில் மூன்றாண்டுக்கு உரியதாக்கி, 12, 11.5, 11 என ஆண்டுக்காண்டு குறையும்படி செய்தனர். 'உருக்குத் தொழிலைக் காத்தோம்' என்று எவரும் மேடையேறிக் கூறலாம். எவ்வுருக்கை? அத்தீர்வை தட்டையுருக்கு வகை சிலவற்றுக்கே உரியது. சுருளும் தகடுமாகிய அவற்றை வார்ப்பவர் பெரும்பாலும் வடக்கேயும் மேற்கேயும் பேருலை வைத்துள்ள பெருநிறுவனத்தார். கும்மிடிப்பூண்டியின் கம்பிக்கு அதனால் நேரே வரும் காப்பு யாதும் இல்லை. அன்றியும், தகட்டை விலைக்கு வாங்கி வெட்டியும் அழுத்தியும் பொறியுறுப்புக்கள் செய்யும் சிறு பட்டறைகள் இம்மாவட்டத்திற் பல. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் மண்வாரும் பொறிகளைச் செய்யும் பேராலையும் உண்டு. இவர்கள் வாங்குவோர், தீர்வையால் தகட்டின் விலை ஏறுமாயின் அச்சுமை இவர்கள் தலையிலேயே விழும். ஒரே தொகுதியில் ஒருவர்க்குக் காப்பாவது மற்றொருவர்க்குச் சுமையாகின்றது; மூன்றாமவர்க்கோ இரண்டுமில்லை. 'உருக்கைக் காப்பேன்' என்னும் அபேட்சகரும் 'வரியைக் குறைப்பேன்' என்னும் அபேட்சகரும் இந்நிலையில் ஒன்றுஞ் சொல்லாதவரே ஆவர்.

2022-ல் நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு மே 22 முதல் உருக்கு வகைகள் பலவற்றின் ஏற்றுமதியின்மேல் நூற்றுக்கு 15 வீதம் வரி விதித்து, நவம்பர் 19-ல் நீக்கினர். ஆறு திங்களுக்குள் வந்ததும் போனதும் ஒவ்வோர் அறிவிக்கையால். விதித்தது நன்றா நீக்கியது நன்றா என்பதை நம் பக்கத்து வாக்காளரிடம் விளக்கினார் எவரும் உளர் என்று யாம் கேள்விப்பட்டிலேம்.

நிற்க. 'சுங்கம் டில்லியின் பொருள். ஓர் உறுப்பினர் என் செய்வார்?' என்பார் உளர். சுங்கம் டில்லியின் பொருளே. அரசியற் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதனை ஒன்றியப் பட்டியலில் 83-ஆம் இனமாக வைத்தது. அயல்நாட்டு உடன்படிக்கைகளை 14-ஆம் இனமாக வைத்தது. அதனாலேதான் சட்டமன்ற உறுப்பினரைக் கேளாமல் நாடாளுமன்ற அபேட்சகரைக் கேட்க வேண்டும் என்கின்றோம். ஆயின் இங்கேயே பெருங்குறை ஒன்று கிடக்கின்றது. அயல்நாட்டோடு வாணிக உடன்படிக்கை செய்ய நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் இல்லை. 2010-ல் கொரியாவோடும் 2011-ல் ஜப்பானோடும் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைகள் அவ்விரு பெருநாடுகளின் உருக்குக்கு வழி திறந்தன. 2019 நவம்பரில் பதினாறு நாடுகளின் ஆசிய வாணிகப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. புகுதலும் விலகுதலும் அமைச்சரவையின் முடிவே.

அடிமைப்பட்டிருந்த காலத்தில் நிலை வேறாயிருந்தது என்றால் வியப்புத் தோன்றும். 1932-ல் ஒட்டாவா நகரிற் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பிற் சென்றவர்களுள் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஒருவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவரும், 1947-ல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவரும் அவரே. பிரிட்டிஷ் பண்டங்களுக்குச் சுங்கத்திற் சலுகை தருவது ஒட்டாவா உடன்படிக்கை. இந்திய உருக்குப் பாளத்தைக் கொண்டு பிரிட்டனிற் செய்த துத்தநாகம் பூசிய தகட்டுக்குத் தீர்வையைக் குறைக்கும் ஏற்பாடும் அதனோடு கூடியது. அவ்வுடன்படிக்கை அந்நாளைய மத்திய சட்டசபையின்முன் வைக்கப்பட்டது, விவாதம் நடந்தது, சபையும் ஏற்றது. செட்டியார் அதனை வெளிப்படையாக ஆதரித்து நின்றார். 1934-ல் அவர் மீண்டும் அபேட்சகராகியபோது, காங்கிரஸ் கட்சியின் சாமி வேங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். ஒட்டாவாவை ஆதரித்தமையே அத்தோல்விக்குப் பெருங்காரணம் என்பர். 1936-ல் அப்புதிய சபை உடன்படிக்கையை முடிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அவருடைய உரையைப் போற்றும் தமிழ் மாணவராகிய யாம், அவருடைய தோல்வியையும் ஒருவகையிற் போற்றுகின்றோம். கொண்ட கொள்கையைச் சொல்லி நின்றார். கேட்டவர்கள் எடைபோட்டு மறுத்தனர். அன்று வாக்குரிமை சிலர்க்கே. சபையின் அதிகாரமும் குறுகியது. அக்குறைகளோடும் ஒரு வாணிக உடன்படிக்கை வாக்காளரின் தீர்ப்புக்கு உட்பட்டது.

இன்று காண்க: 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் வாணிக உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய உடன்படிக்கை உறுதிபெறுமுன் அவர்களுடைய பார்லிமெண்டின்முன் 21 அமர்வு நாட்கள் கிடத்தல் வேண்டும். நம் பக்கத்தில் அத்தகைய கடப்பாடு இல்லை. ஒரே ஏட்டின் ஒரு பாதி சபையைக் காண்கிறது; மறுபாதி காண்பதில்லை. பேரம் நடக்கும்போதே எல்லாவற்றையும் வெளியிட்டாற் பேரம் கெடும் என்பர். அதனை ஒப்புகின்றோம். பேரம் முடிந்து கையெழுத்தான பின்னும் மறைக்கவேண்டியது யாது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமொன்றும் அணித்தே நிற்கின்றது. 2027 மே முதல், செல்வ நாடுகளின் கூட்டமைப்பில் இல்லாத நாடுகளுக்கு அவ்வொன்றியம் கழிவுப் பொருள்களை அனுப்பவேண்டின், அந்நாடு விண்ணப்பித்து அதன் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். கழிவெனக் கொள்ளப்படும் பழைய இரும்பும் அதனுள் அடங்கும். பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பட்டியலொன்று கும்மிடிப்பூண்டி உலையின் வாயை இவ்வாறு தொடுகின்றது. அடுத்த முறை அவ்வூர்க் கடைவீதியில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும்போது எமக்கும் வாக்குண்டு. பழைய இரும்பின் விலக்கை நிலையாக்கக் கேட்பீரா, தகட்டின் தீர்வையில் எப்பக்கம் நிற்பீர், கையெழுத்தான உடன்படிக்கை சபைக்கு வரவேண்டும் என்று தனி மசோதாவேனும் கொணர்வீரா என்று கேட்க எண்ணியுள்ளோம்.

ஆயினும் உலையின்முன் நிற்பவருட் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்; அவர்கள் பெயர் அவர்தம் ஊர்ப் பட்டியல்களிலேயே உள்ளது. இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கும் பொறி ஒன்றைத் தேர்தல் ஆணையத்தார் 2023 ஜனவரியிற் கட்சிகளுக்குக் காட்ட முயன்றனர். 2024 தேர்தலில் அது வழங்கப்படவில்லை. தீர்வை ஏறினும் இறங்கினும் முதலில் வேலையிழப்பவர் அவர்களே. அவர்கள் தங்கும் கொட்டகைப் பக்கம் எந்த அபேட்சகரின் வண்டியும் திரும்ப யாம் கண்டிலேம்.