வினையூக்கி மாறவே மாறாதா?



"வினையூக்கி வினையின் வேகத்தைக் கூட்டும், முடிவில் தான் மாறாமல் இருக்கும்." பழைய புத்தகங்களில் கிரியா ஊக்கி என்று இருக்கும். இந்த வரியை மனப்பாடம் செய்யாமல் உங்களில் யாரும் பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். வரி சரிதான். ஆனால் அதோடு இன்னொரு வரியும் பாடத்தில் சேர வேண்டும் என்பது என் கருத்து: "வேலை செய்யச் செய்ய வினையூக்கியும் கெட்டுப்போகும்."

வயலுக்குப் போடும் யூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இயற்கை எரிவாயுவில் உள்ள மீத்தேனை நீராவியோடு கலந்து, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில், நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். நிக்கல் மீத்தேனை உடைக்கும்போது அதன் பரப்பில் கார்பன் தங்கும். நீராவி அதை உடனுக்குடன் அகற்ற வேண்டும். நீராவி போதாவிட்டால் கார்பன் நிக்கலுக்குள் கரைந்து, மறுபக்கம் மெல்லிய இழையாக வளர்ந்து, நிக்கல் துகளையே பெயர்த்துத் தூக்கிவிடும். வினையூக்கி நொறுங்கும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து உலோகக் கலப்பில் இருக்கிறது. நிக்கலோடு சிறிதளவு தங்கம் சேர்த்தால் கார்பன் படிவது குறையும் என்று 1998இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தங்கம் தானாக மீத்தேனை உடைக்காது. நிக்கலின் பரப்பில் உட்கார்ந்து, கார்பன் ஒட்டும் பிடியைத் தளர்த்துகிறது. அவ்வளவுதான்.

செம்பு வேறு ரகம். அதில் கார்பன் கரைவதே அரிது. அதனால்தான் 2009இல் டெக்சாஸில் செம்புத் தகட்டின் மேல் மீத்தேனைச் செலுத்தி, பெரும்பகுதி ஓர் அணுத் தடிமனே உள்ள கிராஃபீன் படலத்தை வளர்க்க முடிந்தது. நிக்கலின் மேல் வளர்த்தால் பல அடுக்குகள் சேர்ந்துவிடும். உரத் தொழிற்சாலையில் தொல்லையான கார்பன் இங்கே விளைச்சல்! எந்த உலோகம், எதனோடு, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

பரீட்சைக்கு வராததை எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். "மாறாமல் இருக்கும்" என்பதோடு பாடம் முடிந்தால், பிள்ளைக்குக் கேட்க ஒன்றுமில்லை. "கெட்டுப்போகும்" என்று சொல்லிப் பாருங்கள், "ஏன் சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்தும் குரல் வரும். அந்த "ஏன்" என்ற கேள்விதான் நிக்கலோடு தங்கத்தைச் சேர்க்க வைத்தது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் அடுத்த முறை இந்தப் பாடம் நடத்தும்போது இரண்டாவது வரியையும் சொல்லுங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்