பதவி விலகலோடு முடியாத வழக்கு

கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பர் 12 அன்று பதவி விலகுவதாக அறிவித்தபோது, பொறுப்பேற்பு நிகழ்ந்துவிட்டதாகவே பலரும் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை.

இங்கிலாந்து திருச்சபையோடு தொடர்புடைய இளைஞர் முகாம்களில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜான் ஸ்மித் குருவானவர் அல்லர், மூத்த வழக்கறிஞர். (நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதை மறைப்பதற்கில்லை.) அவர் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாகப் பிரம்பால் அடித்துவந்ததை 1982இலேயே ஓர் உள்விசாரணை எழுத்தில் பதிவுசெய்தது. அந்த அறிக்கை காவல்துறைக்குச் செல்லவில்லை. 1984இல் அவர் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்து, அங்கும் முகாம்கள் நடத்தினார். 1992இல் அவரது முகாமில் 16 வயது ஆப்பிரிக்கச் சிறுவன் இறந்துகிடந்தான். 2024 நவம்பரில் வெளியான மேக்கின் அறிக்கையின்படி, ஆப்பிரிக்காவில் மட்டும் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 85 பேர்.

இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளுடைய நற்பெயரைக் காத்த மௌனத்திற்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகள் விலை கொடுத்தனர். யாருடைய பிள்ளை எளிதில் இழக்கத்தக்கது என்ற கணக்கைச் சேரிகள் நன்கறியும்.

2013இல் விவரம் திருச்சபையின் உச்சிவரை எட்டியது. காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்றார் வெல்பி. முறையான புகாரோ பதிவாகவில்லை. ஸ்மித் 2018இல் தென்னாப்பிரிக்காவில், தண்டனை ஏதுமின்றி இறந்தார்.

2025 பிப்ரவரியில் கூடிய பொதுச் சினாடு, சிறார் பாதுகாப்புப் பணியாளர் அனைவரையும் சுதந்திரமான அமைப்புக்கு உடனே மாற்ற முன்வரவில்லை. தேசிய அலுவலர்களை மட்டும் வெளியே மாற்றவும், திருமண்டலப் பணியாளர் குறித்து மேலும் ஆராயவுமே தீர்மானித்தது. அதாவது, பேராயரின் கீழ் ஊதியம் பெறுபவரே பேராயரைப் பற்றிய புகாரையும் கையாளும் நிலை இப்போதைக்கு நீடிக்கிறது.

அதே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பே தென்னிந்தியத் திருச்சபை. அதன் விடுதிகளில் நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கின்றனர். 1982இல் இங்கிலாந்தில் இல்லாத ஒரு கருவி நம்மிடம் உண்டு: போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. குற்றம் அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு, 21ஆம் பிரிவு ஓராண்டுவரை சிறை விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் பாலியல் குற்றங்களுக்கு மட்டுமே உரியது. பிரம்படிக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவையே நாட வேண்டும்.

விடுதிக்குச் செல்லும் தோழர்கள் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: புகாரைப் பெறுபவருக்கு ஊதியம் தருவது யார்?